“வீட்டில வெச்சுப் படிப்பிக்கப் போறம்” என்று சொல்லும் பெற்றோருக்கு



நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை அஸருக்குப் பிறகு ஒரு ராத்தா வீட்டுக்கு வந்தா. மகள் தரம் 9. மகளும் கூடவே வந்து வாசலில் நின்றாள். (அந்த ராத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விடயங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.)

“ரீச்சர், மகள இனி ஸ்கூலுக்கு அனுப்பிறல்ல எண்டு வாப்பா சொல்லிட்டார். வீட்டில வெச்சுப் படிப்பிக்கப் போறம். லண்டன்ல எங்கட மச்சி அப்பிடித்தான் செய்றாவாம். எப்பிடித் தொடங்குறது எண்டு சொல்லித் தாங்க.”

“ஆர் படிப்பிக்கிறது, ராத்தா?”

“நாந்தான். பாப்பம்.”

“என்ன பாடம்?”

“எல்லாப் பாடமுந்தான்.”

“எத்தன மணிக்கு?”

ராத்தா கொஞ்சம் யோசித்தா. “பகல்ல சமையலுக்கு உதவி வேணும். சின்னவனையும் பாக்கோணும். பின்னேரந்தான் ஏலும், ரீச்சர்.”

அப்போது வாசலில் நின்ற பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ரீச்சர், வீட்டில இருந்தா ஓ.எல். எழுத விடுவாங்களா?”

அந்தக் கேள்விக்கு நான் அன்று ஒழுங்கான பதில் சொல்லவில்லை. “பாப்பம் மகள்” என்று சமாளித்து அனுப்பிவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் படிப்பிப்பதற்கு நான் எதிரானவள் அல்ல. என்னை முதலில் படிப்பித்தது வீடுதான், அதுவும் வீடே இல்லாத காலத்தில்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களுக்கு வெளியேறச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். நான் அப்போது கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, உம்மும்மா சொல்லித்தான் தெரியும். புத்தளத்துப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். அங்கே ஏற்கனவே இருந்த பாடசாலைகளில் இடம் போதாது. காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள் என்று முறை வைத்துப் படித்தோம். மழை என்றால் வகுப்பு இல்லை. ரீச்சர் வராவிட்டாலும் வகுப்பு இல்லை.

உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாகத் தெரியாது. அவவுடைய காலத்துப் பெண்கள் பலரைப்போல அரபுத்தமிழ்தான் வாசிப்பா. அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். எங்கள் பெண்கள் பாடசாலை வாசலை மிதிக்காத காலத்திலும் வீட்டுக்குள் வாசிப்பு இருந்தது என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. கொட்டிலுக்கு முன்னால் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, “இண்டைக்கு ஸ்கூல்ல என்ன எழுத்துப் படிச்சீங்க, எனக்கு எழுதிக் காட்டுங்க” என்று நானாவிடம் கேட்பா. நானா மண்ணில் ‘ப’ எழுதினால் அவவும் பக்கத்தில் ‘ப’ எழுதுவா. படிப்பிக்கத் தெரியாதவர் பிள்ளையிடமே படித்தார். அப்படித்தான் நானா எழுதப் பழகினார். பிறகு நானும் அதே மண்ணில் பழகினேன்.

பல வருடம் கழித்து ஆசிரியர் கலாசாலையில் கற்றல் முறைகள் பற்றி விரிவுரை நடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “தான் கற்றதை இன்னொருவருக்கு விளக்கும்போது பிள்ளை ஆழமாகக் கற்கிறது” என்று எழுதித் தந்தார்கள். உம்மும்மா அதைக் கொப்பி இல்லாமல், சோக்கட்டி இல்லாமல் செய்து காட்டியவ.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே உம்மும்மா ஒரு நாளும் எங்களைப் பாடசாலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. பின்னேர வகுப்புக்கு வெயிலில் நடத்திக் கூட்டிப் போனதும் அவதான்.

‘லண்டன் மச்சி’ செய்வது என்ன?

எங்கள் ஊரில் இப்போது ‘ஹோம் ஸ்கூலிங்’ என்ற சொல் யூடியூப் வழியாகவும், வெளிநாட்டு உறவுகள் வழியாகவும் வந்திருக்கிறது. ஆகவே அது என்னவென்று நேராகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பெற்றோர் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. பிள்ளையின் வயதுக்கும் ஆற்றலுக்கும் பொருத்தமான முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும். அதைப் பாடசாலையில் கொடுக்கலாம், வேறு விதமாகவும் கொடுக்கலாம். அந்த ‘வேறு விதம்’ என்ற வாசலால்தான் லண்டன் மச்சி போகிறா. அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் என்ற ஆசிரியர் வகுப்பறையில் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964 இல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு பாடசாலைகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையே அவருக்குப் போய்விட்டது. 1977 இல் வீட்டில் படிப்பிக்கும் பெற்றோருக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அது சட்டப்படி செய்யக்கூடியது. ஜேர்மனியிலோ நிலைமை நேரெதிர், பிள்ளை பாடசாலைக்கு வந்தேயாக வேண்டும். இந்தியாவில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பரீட்சை எழுதுகிறார்கள்.

இலங்கையில்? 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் வந்த ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016 இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. தரம் 9 பிள்ளைக்கு வயது 14. ஆகவே “நிப்பாட்டிட்டம்” என்று வாப்பா ஒரு இரவில் முடிவெடுக்கிற விடயம் இல்லை இது. உண்மையிலேயே வேறு வழியில் படிப்பிக்க விரும்புகிற பெற்றோர் முதலில் போக வேண்டிய இடம் வலயக் கல்விப் பணிமனை. கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விடுகைப் பத்திரத்தை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டுப் பிறகு யோசிக்காதீர்கள்.

இனி அந்தப் பிள்ளைக்கு நான் அன்று சொல்லாத பதில். ஓம் மகள், க.பொ.த. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். பரீட்சைத் திணைக்களம் அந்த வழியை வைத்திருக்கிறது. ஆனால் எழுத விடுவது வேறு, எழுதத் தயாராவது வேறு. கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் என்று ஒன்பது பாடத்துக்குப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதாது. லண்டன் மச்சி பகல் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறா. அவவுடைய மகள் சின்னவனைப் பார்த்துக்கொண்டு, சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு படிக்கவில்லை.

ஆகவே என்னுடைய முதல் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கும். படிப்பை நிறுத்துவதற்கு ‘வீட்டுக் கல்வி’ என்று பெயர் வைக்காதீர்கள். பெயர் அழகாக இருப்பதால் நிறுத்தியது நிறுத்தியதில்லை என்று ஆகாது. உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு கடதாசியில் அடுத்த கிழமையை எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, எத்தனை மணிக்கு, எந்தப் பாடம், யார் படிப்பிப்பது, எந்தப் புத்தகம். அந்தக் கடதாசி நிரம்பாவிட்டால் நீங்கள் தொடங்கப்போவது வீட்டுக் கல்வி அல்ல.

உண்மையான காரணம் என்ன?

அந்த ராத்தாவிடம் அடுத்த நாள் நானே போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். கடைசியில் வந்த காரணத்துக்கும் கல்விக்கும் சம்பந்தமே இல்லை. பஸ்தான் காரணம். வீடு தூரம். பின்னேர பஸ்ஸில் நெரிசல். ஒரு நாள் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறான். பிள்ளை அழுதுகொண்டு வந்திருக்கிறாள். வாப்பாவுக்குக் கோபம், பயம். கோபம் அவன் மீது. தண்டனை பிள்ளைக்கு.

பஸ் பிரச்சினைக்குப் பஸ்ஸில்தான் தீர்வு தேட வேண்டும். அதே பாதையால் இன்னும் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். நாலு வீடும் சேர்ந்தால் ஒரு ஓட்டோவுக்கு மாதக்காசு பேசலாம். காசு கஷ்டமான வீட்டுக்கு எங்கள் ஸகாத் பணமும் ஸதகாவும் எதற்கு இருக்கிறது? பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் கேட்கிறேன். இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சத் திரள்கிற நாங்கள் நாலு பெண் பிள்ளைகளை ஒரு ஓட்டோவில் அனுப்பத் திரள முடியாதா?

இன்னொரு விடயம். எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது பாடத்துக்காக மட்டும் இல்லை. வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதத் தொடங்கியவர். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான், 1935 இல். பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். ஏழைப் பிள்ளைகள் படிக்க 1945 இல் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். வீடும் மத்ரஸாவும் அவரை முஸ்லிமாக வளர்த்தன. பாடசாலை வாங்கு அவருக்கு அயலவர்களைக் கொடுத்தது. இருபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் இல்லாமல் இருந்து திரும்பி வந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகளைத் தெரியாமல் ஒரு முழுத் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தெரியாமல் நாங்களும் வளர்ந்தோம். ஒரே வாங்கில் இருந்து பேனை கடன் வாங்கிக்கொள்வதால்தான் அந்த இடைவெளி குறையும். அதை எந்த வீட்டிலும் படிப்பிக்க ஏலாது.

என் பிழை ஒன்றையும் சொல்கிறேன்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாரையும்போல வட்ஸ்அப் குழு ஒன்று திறந்தேன். பயிற்சித் தாள்களைப் படம் எடுத்துப் போட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் கொப்பியில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதினேன்.

ஒரு பையன். வீட்டில் ஒரே ஒரு போன். அது லொறி ஓடும் வாப்பாவோடு போய்விடும். நீலச் சரி போட்டது வாப்பா, எங்கேயோ பாதையில் இருந்து. மூடுவதும் திறப்பதுமாக 2021 ஒக்டோபர் வரை இழுபட்டு, கடைசியில் பிள்ளை வகுப்புக்கு வந்தபோது, முன்பு வாசித்த சொற்களையே அவனால் வாசிக்க முடியவில்லை. என் கொப்பியில் அவன் ஒரு பாடமும் தவறவிடாத மாணவன்.

இன்னொரு பிள்ளை. அந்த வீட்டில் அப்படிப்பட்ட போனே இல்லை. உம்மா இடியப்பம் அவித்து விற்பவ. நான் அவளைக் கைவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் அந்தக் காலம் முழுக்க உம்மாவின் கணக்கை எழுதியிருக்கிறாள். யார் வீட்டுக்கு எத்தனை இடியப்பம், யார் காசு தந்தது, யார் தர வேண்டும், மா எத்தனை கிலோ. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. பாடத்திட்டத்தில் பாதி அவளுக்குத் தெரியாது. ஆனால் வாசித்தாள், கூட்டினாள், கழித்தாள், பெருக்கினாள். கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொன்னாள்.

அந்த உம்மாவுக்குத் தான் வீட்டுக் கல்வி செய்கிறேன் என்று தெரியாது. தேவையான ஒரு வேலையைப் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்தா. தினமும் கொடுத்தா. பிழைத்தால் காசு பிழைக்கும் என்பதால் தினமும் சரி பார்த்தா. நான் அனுப்பிய எந்தத் தாளிலும் இந்த மூன்றும் இருக்கவில்லை. 2022 இல் எண்ணெய் இல்லாமல் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டபோது நான் தாள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு உம்மாமாரோடு பேசத் தொடங்கினேன்.

இனித் தொடங்குவது எப்படி?

பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டே வீட்டிலும் படிப்பிப்பது ஒவ்வொரு வீட்டாலும் முடியும். நோயாலோ வேறு காரணத்தாலோ பிள்ளை வீட்டில் இருக்க நேர்ந்தவர்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

1. நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எங்கள் பிள்ளைகளின் நாளைப் பாருங்கள். பாடசாலை, அஸருக்குப் பிறகு மத்ரஸா, பிறகு ரியூசன். தரம் 5 என்றால் புலமைப்பரிசில் வகுப்பு வேறு. வீட்டுக்கு வரும்போது பிள்ளை பிழிந்த தேங்காய்ப்பூ. ஒரு ரியூசனைக் குறைக்கத் துணியுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம் போதும். அந்த நேரம் ரிவி இல்லை, போன் இல்லை. உங்களுடைய போனும்தான்.

2. முதல் இரண்டு கிழமை படிப்பிக்காதீர்கள். பாருங்கள். எதைச் செய்யும்போது பிள்ளை நேரம் போவது தெரியாமல் இருக்கிறது, எந்த இடத்தில் வாசிக்கத் தடக்குகிறது, என்ன கேள்வி கேட்கிறது. வைத்தியர் மருந்து எழுதமுன் நாடி பிடிக்கிறார் அல்லவா?

3. வாசிப்பில் தொடங்குங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன. பிள்ளை தரம் 4 என்றால் தரம் 3 புத்தகத்தில் தொடங்குங்கள், வெட்கம் இல்லை. தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடி, “இப்ப எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் இன்னும் நல்லது, உண்மையாகவே கேட்பீர்கள். கதைப் புத்தகத்துக்கு யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி இருக்கிறது. 1981 இல் எரிந்து, மறுபடி எழும்பிய நூலகம். சனிக்கிழமை ஒரு தடவை கூட்டிப் போங்கள். எங்கள் மார்க்கத்தில் முதல் வஹியே வாசிப்பைப் பற்றித்தான் வந்தது என்று பயான்களில் கேட்கிறோம். அந்த முதல் கட்டளைக்கு எங்கள் வீட்டில் ஒரு அலுமாரித் தட்டாவது இருக்க வேண்டாமா?

4. கணக்கை வாப்பாவிடம் கொடுங்கள். எங்கள் ஆட்களின் தொழிலிலேயே கணக்கு இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் தராசு இருக்கிறது. கிலோ 85 ரூபா என்றால் 12 கிலோ 400 கிராமுக்கு எவ்வளவு? (1054 ரூபா. பிள்ளை கல்குலேட்டர் இல்லாமல் எப்படிச் செய்தது என்று கேளுங்கள்.) தையல் வேலை செய்பவர் அங்குலத்தைச் சென்ரிமீற்றராக மாற்றச் சொல்லலாம், ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். நகைக்கடையில் ஒரு பவுண் 8 கிராம், மூன்றரைப் பவுண் எத்தனை கிராம்? வீட்டில் சுண்டு இருக்கிறது. நாலு பேருக்கு ஒன்றரைச் சுண்டு அரிசி என்றால் பத்துப் பேர் வரும் நாளில் எவ்வளவு? வாப்பாவும் படிப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை அவருக்கு எழுதுகிறேன். படிப்பு உம்மாவின் வேலை மட்டும் இல்லை.

5. விஞ்ஞானத்தை வானத்தில் பாருங்கள். ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு வெள்ளியும் மஃரிப் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். நவம்பரில் ஆறு மணிக்கு முன்னமே வரும் மஃரிப், ஜூலையில் ஆறரையைத் தாண்டும். ஏன்? பிறை பார்த்து மாதம் 29 ஆ 30 ஆ என்று எழுதட்டும். சந்திர வருடம் சூரிய வருடத்தை விடப் பதினொரு நாள் அளவில் குறைவு. ஆகவேதான் நோன்பு ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு வருகிறது. பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்தால் ஒரு நாளும் மறக்காது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணியைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மாரியிலும் கோடையிலும் கயிறு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

6. வரலாற்றை மூத்தவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். சோனகத்தெருவில் யார் வீடு எங்கே இருந்தது, 1990 இல் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எந்த முகாமில் எத்தனை வருடம் இருந்தார்கள். பாடநூலில் இதைத் தேடினால் கிடைக்காது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை கேட்டு எழுதினால் அது கட்டுரைப் பயிற்சி, வரலாறு, குடும்பச் சொத்து மூன்றும்தான். புத்தளத்தில் வளர்ந்த சாச்சாமாருக்குப் பேச்சுச் சிங்களம் தெரியும். அவர்களே சிங்கள ஆசிரியர்கள்.

7. பதிவு வையுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். தினமும் திகதி போட்டு மூன்று வரி: இன்று என்ன செய்தோம், எது விளங்கியது, எது விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியோடு வகுப்பாசிரியரிடம் போங்கள். “பிள்ளை படிக்குதில்ல ரீச்சர்” என்று சொல்லும் பெற்றோரைவிட, “பிள்ளைக்குப் பின்னம் விளங்குதில்ல” என்று சொல்லும் பெற்றோருக்கு எங்களால் நூறு மடங்கு உதவ முடியும்.

8. கை ஓங்காதீர்கள். வீட்டில் படிப்பிக்கத் தொடங்கும் உம்மாமார் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். நானும் என் மகனிடம் தோற்றிருக்கிறேன். மற்றவர் பிள்ளைகள் முப்பது பேருக்குக் காட்டும் பொறுமை என் சொந்தப் பிள்ளைக்கு வரும்போது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கோபம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழும்புங்கள். வுளூச் செய்துகொண்டு வந்து இருங்கள். ஒரு நாள் பாடம் போனால் பரவாயில்லை.

ஏற்கனவே பாடசாலையை விட்ட பிள்ளைகளுக்கும் வாசல் மூடவில்லை. வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். போக வெட்கமாக இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், நானும் கூட வருவேன்.

கடைசியாக ஒரு வார்த்தை, வாப்பாமாருக்கு.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில் ஊரையே இழந்த சமூகத்துக்குப் பயம் இருக்கும். பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வீடு, கடை, நகை, காணி உறுதி எல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் போனது. மிஞ்சியது தலைக்குள் இருந்தது மட்டும்தான். முகாமில் முதலில் நிமிர்ந்தவர்கள் யார் என்று உங்கள் உம்மாவிடம் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்து, நிவாரண அட்டையைத் தானே நிரப்பியவர்கள். அதைப் பார்த்த நீங்களே உங்கள் மகளிடமிருந்து அதைப் பறிக்கலாமா?

அந்தப் பிள்ளையின் வாப்பா “யோசிச்சுச் சொல்றன்” என்று சொல்லியிருக்கிறார். ஓட்டோவுக்கு மூன்று வீடு சம்மதம், நாலாவது வீட்டோடு இன்று இரவு பேசுகிறோம். திங்கட்கிழமை காலை வரவு இடாப்பில் அவளுடைய பெயரைக் கூப்பிடும்போது பதில் வர வேண்டும். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். மூத்த ஆசிரியர்களிடமிருந்து விசேஷமாக எதிர்பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.